ஒரே ரத்தம், ரெண்டு கை

ஊசி பிடித்துப் பிழைப்பவர்களில் தையல்காரரைக் கண்டால் ஜனம் அளவு கொடுக்க நிமிர்ந்து நிற்கும். லேப் டெக்னீஷியனான என்னைக் கண்டால் கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விடும். ரத்தம் எடுத்தே காலம் தள்ளும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

ஆள் மாறாட்டம்

அறந்தாங்கியில் இருக்கிற எங்கள் லேபுக்கு, அரிமளம் பக்கத்திலிருந்து ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். மகள் காவ்யா பெண் போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகுகிறாள். பாதி ஓட்டத்திலேயே மூச்சு வாங்கிக் கால் துவண்டுவிடுகிறதாம்; டாக்டர் ரத்தம் பார்க்கச் சொல்லியிருந்தார். நான் பஞ்சைக் கையில் எடுத்ததுதான் தாமதம், மகளைத் தள்ளிவிட்டு அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிவிட்டார்.

"அவ ஓடணும் தங்கச்சி, ஒரு சொட்டுகூட கொறையக் கூடாது. எங்கிட்ட எடுத்துக்க, எல்லாம் ஒரே ரத்தந்தானே."

கலப்படம்

மல்லுக்கட்டி மகளிடமே எடுத்தேன். அம்மா விடுவாரா? கண்ணாடித் தடுப்புக்கு அங்கிட்டு நின்று காவல். மெஷினில் சுற்றி எடுத்த குழாயில் மேலே மஞ்சள் தண்ணீர், கீழே சிவப்பு. பாதிக்கு மேல் தண்ணீர் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. அந்தத் தண்ணீர்தான் சர்க்கரையும் உப்பும் கொண்டுபோகிறது, ஓடும்போது உடம்புச் சூட்டைத் தோலுக்குக் கொண்டுவந்து ஆற்றுகிறது. கீழே இருக்கும் சிவப்பணு மூச்சுக்காற்றைக் காலுக்குச் சுமக்கிறது. இரும்புச்சத்து குறைந்தால் சுமக்க ஆள் போதாமல் இதயம் கிடந்து அடித்துக்கொள்ளும், உங்கள் மகளுக்கு ரிசல்ட்டில் வந்திருக்கிற கோளாறு அதுதான் என்று தொண்டை வற்ற விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"எங்க ஊரு பால்காரன்கூட இம்புட்டுத் தண்ணி ஊத்த மாட்டான்."

பிடிவாரண்ட்

டாக்டர் மாத்திரை எழுதினார். முட்டை, ஈரல், முருங்கைக்கீரை எல்லாம் சாப்பிடச் சொன்னார். சில மாதம் கழித்து காவ்யா ஓட்டத்தில் தேறி, லட்டோடு வந்தாள். பின்னாலேயே அம்மா, நாலு படி ஏறுவதற்குள் மூச்சு இரைத்துக்கொண்டு. எனக்குச் சுருக்கென்றது. உட்காருங்க, உங்களுக்கும் பார்ப்போம் என்றேன். அன்றைக்குத் தானாக நீண்ட கை இன்றைக்கு முந்தானைக்குள் ஒளிந்துகொண்டது. காவ்யா அதை வெளியே இழுத்து மேசைமேல் வைத்தாள். "எல்லாம் ஒரே ரத்தம்னு சொன்னேல்ல, நீட்டும்மா."

ரிசல்ட்டைப் பார்த்ததும் எனக்குக் கோபமே வந்துவிட்டது. மகளுக்கு அன்றைக்கு இருந்ததைவிட இவருக்கு இரும்புச்சத்து குறைவு. வீட்டு முட்டை, ஈரல் முழுக்க யார் தட்டுக்குப் போனது என்று கேட்கவே தேவையில்லை. இத்தனை நாள் எதைத் தின்று நடமாடினீங்க என்று சத்தம் போட்டேன். காவ்யா வாயில் போட்ட லட்டை மெல்லாமல் நின்றாள். அம்மாவுக்கு ஒரு கூச்சமும் இல்லை.

"நான் எங்கிட்டு ஓடப் போறேன் தங்கச்சி, ஆட்டுக்குட்டி பின்னால ஓட இது போதும்."

காக்கி தைக்கும் முன்பே காவ்யா பிடித்த முதல் கேஸ், தன் முட்டையை மகள் தட்டுக்குத் தள்ளிவிட்ட அவள் அம்மாதான். தண்டனை, தினம் ஒரு மாத்திரை, மகள் கண் முன்னால்.