மானுக்குச் சின்னத் தோட்டா

முதல் குண்டு போனதுமே எனக்கு அந்தப் பெரிய ரைபிளைப் பிடிக்காமல் போய்விட்டது. தொண்ணூற்றேழில், ஹூஸ்டனுக்கு வெளியே ஒரு துப்பாக்கி ரேஞ்சில், மேஜைமேல் மணல் மூட்டை வைத்து அதில் ரைபிளைச் சாய்த்திருந்தேன். விசையை அழுத்தினேன். ரைபிளின் பின்கட்டை வந்து தோளில் இடித்தது. கழுதை உதைத்தால் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டாவது தடவை விசையைத் தொடும்போதே கண் தானாக மூடிக்கொண்டது. நூறு கஜத்துக்கு அப்பால் இருந்த காகிதத்தில் என் குண்டு எங்கே போனது என்று தேட வேண்டியிருந்தது.

துப்பாக்கி என்னுடையதல்ல. அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேஜைக்காரருடையது. பிறவி டெக்சாஸ்காரர். மேற்கே மலைப் பக்கம் அவர் குடும்பத்துக்கு ஒரு ரான்ச், பெரிய மாட்டுப் பண்ணை, இருந்தது. அங்கே புள்ளிமான்கள் திரிந்தன. அசல் நம் நாட்டுப் புள்ளிமான்கள்தான். யாரோ எப்போதோ கொண்டுவந்து விட்டவை, விசாவும் கிரீன் கார்டும் இல்லாமல் பல்கிப் பெருகியிருந்தன. எனக்குக் கிரீன் கார்டு வர ஆறு வருடம் ஆனது. அது வந்த சந்தோஷத்தில்தான் அவர் என்னை மான் சுட அழைத்தார்.

இரண்டு ரைபிள்களைக் கொண்டுவந்து, உனக்கு எது படிகிறதோ எடுத்துக்கொள் என்றார். பெரியது தேர்ட்டி ஆட் சிக்ஸ். சின்னது டூ ஃபார்ட்டி த்ரீ. சின்னதற்கு இரண்டு பெட்டித் தோட்டாக்கள் இருந்தன. ஒன்றில் குண்டின் எடை நூறு கிரெயின், இன்னொன்றில் ஐம்பத்தெட்டு. நூறு கிரெயின் மானுக்கு. ஐம்பத்தெட்டு காகிதத்துக்கும், நரி மாதிரித் திரியும் கயோட்டிக்கும். அது பட்ட இடத்திலேயே சிதறிவிடும், மானின் உடம்புக்குள் ஆழமாய்ப் போகாது. இதையெல்லாம் அவர் தெளிவாகச் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் நன்றாகவே புரியும்.

ஆனால் பெரியது கொடுத்த பயம் தோளை விட்டுப் போகவில்லை. நூறு கிரெயினில் சுட்டபோதும் கண் சிமிட்டியது, ஓட்டைகள் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின. ஐம்பத்தெட்டைப் போட்டேன். துப்பாக்கி தோளை லேசாகத் தட்டியதோடு சரி. மூன்று ஓட்டைகளையும் ஒரு கால் டாலர் காசு வைத்து மறைத்துவிடலாம். அந்தக் காகிதத்தை மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டேன். அலுவலகத்தில் இரண்டு பேரிடம் காட்டவும் செய்தேன்.

மீதியைக் கெடுத்தது என் மச்சான். மனைவியின் அண்ணன், பெட்ரோல் பங்க் நடத்துபவர், சமையலில் கெட்டிக்காரர். ஞாயிற்றுக்கிழமை மான் பிரியாணி என்று வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்த கையோடு எட்டு வீடுகளுக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தார். மான் இன்னும் மேய்ந்துகொண்டிருந்தது.

அவருடைய கவலையெல்லாம் கறி கூடுமா கூடாதா, அதாவது ஹலாலா ஹராமா என்பதுதான். பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுட்டால், செத்து விழுந்தாலும் உண்ணக் கூடும் என்பவர்கள் எங்களில் உண்டு. உயிர் இருக்கும்போதே போய் அறுத்தால்தான் கூடும் என்பவர்களும் உண்டு. மச்சான் இரண்டாவது கட்சி.

"பெரிய தோட்டா போட்டீங்கன்னா ஸ்பாட்லயே போயிரும் மாப்ளே. நம்ம ஓடிப் போறதுக்குள்ள ஹராம் ஆயிரும். சின்னதா போட்டு விழுத்தாட்டுங்க, நான் கத்தியோட ரெடியா நிக்கிறேன்."

"மெதுவாச் சாகட்டும்ங்கிறீங்க."

"சாகாம இருக்கட்டும்ங்கிறேன்."

அப்போதே மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது எனக்கு. மார்க்கத்துக்காகத்தான் சின்னத் தோட்டா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அதைக் கேட்டது என் தோள்பட்டை.

சனிக்கிழமை விடிந்தபோது நானும் மச்சானும் ரான்சில் ஒரு மரக்கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தோம். நான்கு கால்மேல் நிற்கும் கூண்டு, ஏற ஏணி. டெக்சாஸ்காரர் தன் டிரக்கோடு ஒரு மைல் தள்ளி இருந்தார், வெடிச் சத்தம் கேட்டால் வருவேன் என்று சொல்லியிருந்தார். நூறு கிரெயின் பெட்டி அந்த டிரக்கிலேயே இருந்தது. என் சட்டைப்பையிலும் ரைபிளிலுமாக ஐம்பத்தெட்டு கிரெயின் தோட்டாக்கள் நான்கு.

எட்டு மணி வாக்கில் ஒரு கொம்பன் மான் ஓக் மரத்தடிக்கு வந்து பக்கவாட்டில் நின்றது. "சொல்லுங்க மாப்ளே, பிஸ்மில்லாஹ் சொல்லுங்க" என்று மச்சான் என் காதில் மூச்சு விட்டார். சொன்னேன். சுட்டேன். கண் சிமிட்டவில்லை. மான் ஒரு குலுங்கு குலுங்கியது. பிறகு மூன்று காலில் ஓடியது.

மச்சான் கத்தியோடு ஏணியில் இறங்கி ஓடினார், கல் தடுக்கி விழுந்தார், எழுந்து மறுபடி ஓடினார். ஓக் மரத்தடியில் மான் இல்லை. நான்கைந்து சொட்டு ரத்தமும் ஒரு எலும்புச் சில்லும் கிடந்தன.

டிரக் வந்தது. அந்த ரான்சில் ஒரே ஒரு சட்டம்தான். அடிபட்ட பிராணியைக் கண்டுபிடிக்காமல் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. டெக்சாஸ்காரர் ரத்தத்தைத் தொட்டுப் பார்த்தார். எந்தத் தோட்டா போட்டாய் என்று கேட்டார்.

"நூறு" என்றேன். யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

அவர் நம்பினார். நூறு கிரெயின் குண்டு தோளுக்குப் பின்னால் பட்டிருந்தால் மான் நூற்றைம்பது அடிக்குமேல் போயிருக்காது, இங்கேதான் விழுந்து கிடக்கும் என்று சொல்லி, பக்கத்திலிருந்த அடர்ந்த புதர்களுக்குள் எங்களைக் கூட்டிப்போனார். குனிந்து குனிந்து தேடினோம். முள் கிழித்தது. சொட்டுகள் குறைந்துகொண்டே போய் நின்றுவிட்டன. மறுபடி ஓக் மரத்தடிக்கு வந்து முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

"செத்துருக்குமோ மாப்ளே?"

"சும்மா இருங்க மச்சான்."

"எட்டு வீட்டுக்குச் சொல்லிட்டேனே."

டெக்சாஸ்காரர் எலும்புச் சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கணக்கு ஒத்துவரவில்லையே என்று முணுமுணுத்தார். சட்டைப்பையில் மிச்சமிருந்த மூன்று தோட்டாக்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போடாமல் நான் அதை ஒரு கையால் பொத்திக்கொண்டே நடந்தேன். வெயில் ஏறியது. எங்கேயோ ஒரு பிராணி தோள் கிழிந்து நிற்கிறது, நான் தவறான இடத்தில் இரண்டு பேரைத் தேட விட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. அப்படியும் வாயைத் திறக்க ஒரு மணி நேரத்துக்குமேல் ஆனது.

மூன்று தோட்டாக்களையும் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அவற்றின் நுனியைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்படியானால் மேல்காயம்தான், அது இங்கே இல்லை, தண்ணீர் தேடிப் போயிருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாக நடக்க ஆரம்பித்தார். மாடுகள் தண்ணீர் குடிக்கும் குட்டை அரை மைலுக்கு அப்பால் இருந்தது.

அங்கேதான் கிடந்தது. சேற்றில் படுத்துத் தலையைத் தூக்கி வைத்திருந்தது. ஒரு பக்கத் தோள் சதை பிய்ந்து தொங்கியது. அதற்குள் ஈ மொய்க்க ஆரம்பித்துவிட்டது.

"உசுரு இருக்கு மாப்ளே! அல்ஹம்துலில்லாஹ், உசுரு இருக்கு!" என்று மச்சான் கூவினார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். டெக்சாஸ்காரர் அந்தப் பெரிய ரைபிளைத் தோளுக்குத் தூக்கிவிட்டார். "நோ நோ சார், ப்ளீஸ், ஒன் மினிட்" என்று மச்சான் குறுக்கே கையை நீட்டினார். டெக்சாஸ்காரர் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தால் அவர் சுட்டுவிடுவார். மானின் வேதனை அந்த நொடியே முடியும். மச்சான் கணக்கில் கறி கூடாததாகிவிடும், அத்தனையும் வீண். நான் மச்சானிடமிருந்து கத்தியை வாங்கிக்கொண்டேன்.

அறுக்கும் கத்தி கூராக இருக்க வேண்டும், பிராணியின் கண்ணில் அது படக் கூடாது, வேதனையை நீட்டக் கூடாது. குர்ஆன் ஓதப் போன வயதிலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சேற்றில் இறங்கினேன். மான் கத்தியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் சரிந்தது. மச்சான் காலைப் பிடித்தார். பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர் என்று சொல்லி ஒரே இழுப்பில் அறுத்தேன். பிறகு குட்டைத் தண்ணீரில் கை கழுவிக்கொண்டேன்.

டெக்சாஸ்காரர் மானைத் தூக்கி டிரக்கில் வைக்க உதவினார். திங்கட்கிழமையிலிருந்து அடுத்த மேஜையில் வழக்கம்போல் வேலையைப் பற்றிப் பேசினார். ரான்சைப் பற்றி மறுபடி பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எட்டு வீட்டாரும் வந்திருந்தார்கள். பிரியாணி வாசனை பார்க்கிங் வரைக்கும் வந்தது. தட்டோடு உட்கார்ந்த ஒருவர், "சுட்ட மானாச்சே பாய், கூடுமா?" என்று மச்சானிடம் கேட்டார்.

"உசுரோட பிடிச்சு அறுத்தது. மாப்பிள்ளை கையாலயே அறுத்தாரு. நூத்துக்கு நூறு கூடும்!"

நூறு என்ற சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. வேறு யாருக்கும் அது ஒன்றுமில்லை. எல்லோரும் சாப்பிட ஆரம்பித்தார்கள், ஒரு பெரியவர் எனக்காகக் கையேந்தி துஆச் செய்தார். மனைவி என் தட்டில் ஒரு கறித்துண்டை வைக்க வந்தாள். தட்டைக் கையால் மூடினேன்.

"ஏங்க, கூடும்னுதானே அண்ணன் சொல்றாங்க?"

"உங்களுக்கெல்லாம் கூடும்" என்றேன்.