கசடுக் கோலில் ஒரு சந்தனப் பொட்டு

சுவிஸில், ஜெர்மன் பேசும் ஷாஃப்ஹவுசன் நகரில் ஒரு வார்ப்பாலை. அங்கே இரும்பு உருக்கும் உலையைப் பார்க்கிறவர் வரதராசா. இருபத்தாறு வருசமாக அதே உலை. உருக்கிய இரும்பில் கொஞ்சம் எடுத்து ஆறவிட்டு, உடைத்து, உடைந்த முகத்தைப் பார்த்தே சரி பிழை சொல்லிவிடுவார். ஆய்வுகூடத்துக் கணினி அதையே சொல்ல இன்னும் பத்து நிமிசம் எடுக்கும். அகதியாக வந்து, முதலில் அங்கே நிலம் கூட்டித் துடைத்தவருக்கு இது சும்மா வந்துவிடவில்லை.

ஈரம் என்றால் அந்த மனுசனுக்கு ஆகாது. கொதிக்கும் இரும்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் வெடித்துச் சிதறும். உலையடியில் தண்ணீர்ப் போத்தலோடு நின்றவர்களை, மேலதிகாரி என்றும் பாராமல் விரட்டியிருக்கிறார்.

ஒரு விசயம் மட்டும் அவருக்கு வராது, ஜெர்மனில் எழுதுவது. வாயால் வெளுத்து வாங்குவார், பேனையைக் கொடுத்தால் வியர்க்கும். வேலையிடத்து அறிக்கைகளையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து மகள் வேணுகாவுக்குச் சொல்லுவார், அவள் எழுதுவாள். பத்து வயதில் தொடங்கியவள். இப்போது வங்கியில் வேலை, ஆனாலும் அப்பாவின் ஜெர்மன் அவள்தான்.

போன ஐப்பசியில் அவரை உலைப் பகுதி முழுவதுக்கும் பொறுப்பான மாஸ்டராக்கப் போகிறார்கள் என்று உறுதியானது. திங்கட்கிழமை அறிவிப்பு. அதற்கு முந்தின வியாழன் ஆயுத பூசை. வருசா வருசம் மனைவி சந்திரமதி அரைத்துக் கொடுக்கும் சந்தனத்தைக் கசடு வாரும் நீளக் கோலின் கைப்பிடியில் வைப்பார், யாருக்கும் தெரியாது. இந்த முறை சந்தோசம் தலைக்கேறிவிட்டது. கைப்பிடியோடு நிற்காமல், இரும்பில் தோயும் நுனியிலும் தாராளமாக ஒரு பொட்டு. உலைச் சூட்டில் காய்ந்துவிடும் என்று நினைத்தார். உலையை அறிந்த மனுசன் நினைக்கிற நினைப்பா இது!

அது காய முன்னம், கூட வேலை செய்யும் போர்த்துக்கேயன் நூனோ கோலை எடுத்து உலைக்குள் விட்டான். இரும்பு சிதறியது. கழுத்தும் முன்கையும் வெந்து, அவனை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கோல்களைக் காயவைப்பது நூனோவின் பொறுப்பு. அவன்தான் காயவைக்காமல் விட்டான் என்று எல்லோரும் நினைத்தார்கள். வரதராசாவிடம் அறிக்கை கேட்டார்கள்.

பின்னேரம் சமையலறை மேசையில் மகளிடம் ஒன்றும் ஒளிக்காமல் சொன்னார். சந்திரமதி, சாமிக்குச் செய்ததைக் கடதாசியில் எழுதுவானேன் என்று முணுமுணுத்தாள். வேணுகா கணினியிலிருந்து கையை எடுத்தாள்.

“அப்பா, இதை எழுதினா மாஸ்டர் வேலை உங்களுக்கு இல்லை.”

“ஓம், தெரியும். நீ எழுது.”

அவள் எழுதி, அச்செடுத்துக் கொடுத்தாள். கையெழுத்துப் போடுவார் என்று காத்திருந்தாள். எத்தனையோ வருசமாக வாசியாமலே கையெழுத்துப் போட்டவர், அன்றைக்கு ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். கோல் ஈரமாக இருந்தது என்று மட்டும் எழுதியிருந்தது. சந்தனம் இல்லை. அவருடைய பெயரும் இல்லை.

மகள் தன்மேல் உள்ள பாசத்தில்தான் செய்தாள் என்று அவருக்கு விளங்கியது. விளங்கியும் நெஞ்சு எரிந்தது.

“நூனோ தன்ரை வேலையைச் சரியாத்தான் செய்தவன், பிள்ளை,” என்றார்.

பேனையை எடுத்து, கீழே இருந்த வெற்றிடத்தில் தானே ஜெர்மனில் எழுதினார். ஈரச் சந்தனத்தைக் கோல் நுனியில் வைத்தது நான், வரதராசா. ஒரு வரிக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. வேணுகா திருத்தித் தரட்டோ என்று கேட்டாள். வேண்டாம் என்றார்.

மாஸ்டர் வேலை வெளியிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. நூனோ ஏழாவது வாரம் வேலைக்குத் திரும்பி, பழையபடி அவரோடு உலையடியில் நிற்கிறான். வரதராசா இப்போது அறிக்கைகளைத் தானே எழுதுகிறார். வேணுகா கேட்டாலும் கொடுப்பதில்லை.