சாராம்மாவின் பகல் வீடு

சாராம்மா இறந்துவிட்ட செய்தியை எனக்குத் தொலைபேசியில் சொன்னவள், அவருடைய பகல் வீட்டில் சமையல் செய்யும் தனம். விடிந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. அழுதுகொண்டேதான் பேசினாள். ஆனால் அழுவதற்காக அழைக்கவில்லை.

"அம்மா போய்ட்டாங்கண்ணா. எழுப்பலாம்னு போனேன், கை சில்லுனு இருக்குது. இன்னும் கொஞ்ச நேரத்துல ஆட்டோவுல ஆளுங்கள ஏத்திக்கினு வந்துடுவாங்க. வரச் சொல்றதா, வேணான்றதா? யாரைக் கேக்கறதுன்னே தெரியல."

இப்படிப்பட்ட கேள்விகளை எல்லாரும் சாராம்மாவிடம்தான் கேட்டு வந்தோம். வரட்டும் என்றேன். அதனால் அவர் இறந்த நாளிலும் அந்த வீடு வழக்கம்போலத் திறந்திருந்தது. மாலையில் சவப்பெட்டியை எடுக்கும்வரை, தாமாக நகர முடியாத பத்துப் பதினொரு பேர் அவரைச் சுற்றிக் கட்டில்களில் படுத்திருந்தார்கள். இந்த ஊரில் பெரிய மனிதர்கள் பலருடைய சாவுக்குப் போயிருக்கிறேன். முகம் காட்டிவிட்டு நழுவாமல், வந்தவர்கள் கடைசிவரை இருந்த சாவு இது ஒன்றுதான்.

அவரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாராள் என்பது ஞானஸ்நானப் பெயர். பிறந்தது வாலாஜாபாத். மிஷன் மருத்துவமனையில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவர். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து திருப்பருத்திக்குன்றம் போகும் சாலையில், மிஷனுக்குச் சொந்தமான பழைய ஓட்டு வீடு ஒன்று சும்மா கிடந்தது. ஓய்வு பெற்ற மறுவாரமே அதைத் திறந்து, பெருக்கி, கட்டில் போட்டார். பக்கவாதத்தில் விழுந்தவர்களைக் காலையில் அங்கே கொண்டுபோய் விடலாம், மாலையில் அழைத்து வரலாம். குளிர் தேசம் ஒன்றில் இருந்த ஒரு சபையார் மாதாமாதம் அதற்கு உதவி அனுப்பினார்கள். அவர்கள் வைத்த ஆங்கிலப் பெயர் நீளமானது, வாசலில் பலகையாகவும் தொங்கியது. ஊர் அதைப் பகல் வீடு என்றது.

தறி உள்ள வீட்டில்தான் அதன் அருமை தெரியும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாக நெய்கிற புடவைக்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். பெரும்பாலும் கணவனும் மனைவியும். வீட்டில் இருப்பது ஒரே கூடம், கூடத்தை அடைத்துக்கொண்டு தறி. மிச்சமிருக்கிற இடத்தில் ஒருவர் படுத்த படுக்கையாகிவிட்டால், அவரைப் புரட்டிப் போட ஒருவர் எழுந்தாலும் தறி நின்றுவிடும். எழாவிட்டால் அவர் முதுகில் புண் வைக்கும். புடவையா முதுகா என்று ஒவ்வொரு மணி நேரமும் முடிவெடுக்க வேண்டிய வாழ்க்கை அது. என் அப்பா விழுந்தபோது எங்கள் வீட்டில் அண்ணனும் அண்ணியும் தறியில் இருந்தார்கள். நான் தனிப்பயிற்சி மையம் ஒன்றில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டும், வாரம் ஒரு பத்தி எழுதி ஊரைத் திருத்திக்கொண்டும் இருந்தேன். திருப்பிப் படுக்க வைக்க ஆள் இல்லாமல் அப்பாவுக்கு முதுகில் புண் வைத்துவிட்டது. அதன் பிறகுதான் அவரைச் சாராம்மாவிடம் கொண்டுபோனோம்.

அப்பா தீவிர சைவர். விழுந்த பிறகு அவருக்கு வலது கை வரவில்லை. நெற்றியில் திருநீறு இல்லாமல் வெளியே எடுத்துச் செல்லப்பட்டது அவருக்குப் பக்கவாதத்தைவிடப் பெரிய அவமானம். முதல் நாள் இடது கையால் நெற்றியைத் தடவித் தடவிக் காட்டினார், கண்ணில் நீர். வியர்வை என்று நினைத்து நான் துண்டால் துடைத்தேன். சாராம்மா என்னை நகரச் சொன்னார்.

"வீட்ல இருந்து விபூதி எடுத்துக்கினு வாங்க" என்றார்.

மறுநாளிலிருந்து, காலை ஜெபம் முடிந்ததும், ஒரு சிலுவைச் சங்கிலி தொங்கக் குனிந்து, அப்பா நெற்றியில் மூன்று விரலால் திருநீறு பூசுவது அவர் வேலையாயிற்று. மூன்று கோடும் தறியில் பாவு நூல் இழுத்தாற்போல நேராக இருக்கும். அப்பாவே அவ்வளவு நேராகப் பூசியதில்லை.

அவருக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். தினமும் உரக்க வேதம் வாசிப்பார். பாடுவார், சுருதி சேராது, அதைப் பற்றிக் கவலையும் இல்லை. எல்லாரும் ஒருநாள் தன் ஆண்டவரிடம் வருவார்கள் என்று உண்மையாகவே நம்பினார். அவசரப்படவில்லை, அவ்வளவுதான். "முதுகுல புண்ணு இருக்கறவனுக்கு முதல்ல புண்ணு ஆறணும்பா. அதுவரைக்கும் ஏசு காத்துக்கினு இருப்பாரு. அவருக்குப் பொறுமை ஜாஸ்தி" என்பார்.

பொறுமை குறைவானவர்கள் ஒரு தை மாதத்தில் வந்தார்கள். உதவி அனுப்பும் சபையிலிருந்து மூன்று பேர், வீட்டை நேரில் பார்த்து, தொடர்ந்து உதவுவதா என்று முடிவு செய்ய வருவதாகத் தகவல். சாராம்மா குடும்பங்களுக்கு ஒரே வார்த்தைதான் சொல்லி அனுப்பினார்: "விருந்தாளிங்க வர்றாங்க. நல்லபடியா கெளப்பிக் கூட்டினு வாங்க."

காஞ்சிபுரத்தில் நெசவுத் தெருவில் போய் இப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். பட்டு நெய்கிறவர்கள் வீட்டில் பட்டு நிறைய இருக்காது. ஆனால் முகூர்த்தப் புடவை ஒன்று இருக்கும். அன்று காலை அத்தனை பெட்டிகளும் திறக்கப்பட்டன. கை கால் விளங்காத பெண்கள் அரக்கிலும் மாம்பழ மஞ்சளிலும் கட்டில் கட்டிலாகப் படுத்திருந்தார்கள், தலையில் பூ, வீடு முழுக்க அந்துருண்டை வாசனை. ஆண்களுக்குப் பட்டுக்கரை வேட்டி. கல்யாண வீட்டில் எல்லாரும் ஒரே சமயத்தில் படுத்துவிட்டது போல இருந்தது. பேச்சு வராத ஒரு அம்மாள், கூச்சத்தோடு தன் முந்தானையைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மொழிபெயர்க்க என்னை நிறுத்தியிருந்தார்கள். வந்தவர்கள் நல்லவர்கள். வழியில் கடைத்தெருவில் இறங்கி, ஊரின் கைத்தொழிலை ஆதரிக்கும் எண்ணத்தில் ஒரு புடவை விலை கேட்டிருக்கிறார்கள். அதுதான் வினையாயிற்று. அவர்களில் மூத்த அம்மையார் முதல் கட்டிலைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்தப் புடவைகள் இவர்களுடையவையா?" என்று கேட்டார்.

சாராம்மாவிடம் சொன்னேன். "பின்ன, வாடகைக்கா எடுப்பாங்க? அவங்களோடதுதான்னு சொல்லுங்க" என்றார். சொன்னேன். கல்யாணத்தன்று கட்டியது, அதற்குப் பிறகு இன்றுதான் கட்டுகிறார்கள் என்று என் பங்குக்கு விளக்கினேன். விளக்கம் புடவையின் விலையைக் குறைக்கவில்லை.

அடுத்து அப்பாவின் கட்டில். நெற்றியில் புதுத் திருநீறு. யார் பூசியது என்ற கேள்வி வந்தது. நான் எந்தப் பதில் தேவலாம் என்று யோசிப்பதற்குள், கேள்வியின் சாடையைப் புரிந்துகொண்ட சாராம்மா தன் மூன்று விரலையும் தூக்கிக் காட்டிவிட்டார். விரலில் இன்னும் சாம்பல் இருந்தது.

"நெத்தி அவரோடது. அவருக்குக் கை மட்டும் வரல. அதனால என் கைய குடுக்கறேன். இதை அப்படியே சொல்லுங்கபா, ஒண்ணும் சேக்காதீங்க."

அப்படியே சொன்னேன். கடைசியாக, இத்தனை காலத்தில் எத்தனை பேர் விசுவாசத்துக்குள் வந்திருக்கிறார்கள் என்று இளையவர் ஒருவர் மரியாதையாகக் கேட்டார். சாராம்மா யோசித்தார்.

"போன மாசம் ரெண்டு பேர் தானா எழுந்து உக்காந்தாங்க. அதை எழுதிக்கச் சொல்லுங்க."

அவர் எழுதிக்கொள்ளவில்லை. மூத்த அம்மையார் மட்டும் விடைபெறும்போது பேச்சு வராத அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். சில வாரங்களில் பதில் வந்தது. அன்பான பதில். தேவை அதிகமுள்ள இடங்களுக்கு உதவியைத் திருப்புவதென்று தீர்மானித்திருந்தார்கள். வீட்டை மிஷன் திருப்பிக் கேட்கவில்லை, மாத உதவி மட்டும் நின்றது.

செய்தி பரவியதும் தெருப் பெண்கள் திரண்டு வந்தார்கள். குற்றம் செய்தவர்களைப் போல நின்றார்கள். என் அண்ணிதான் பேசினாள்.

"எங்களால வந்துதும்மா. இன்னொருவாட்டி வரச் சொல்லி எழுதுங்க. கிழிஞ்சத கட்டிக்கினு நிக்கறோம். எங்க வீட்ல கிழிஞ்சதுக்கா பஞ்சம்?"

சாராம்மா சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"வேணாம்மா. அப்புறம் கிழிசலுக்குக் கூலி வாங்கற மாதிரி ஆயிடும். விருந்தாளி வந்தாங்க, நல்லதா கட்டிக்கினீங்க. இதுல யாரு மேலயும் தப்பில்ல."

அன்று எல்லாரும் போன பிறகு அவர் ஒரு காலிக் கட்டிலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். வீட்டை மூடினால் யார் யார் எந்தக் கூடத்தின் எந்த மூலையில் போய்க் கிடப்பார்கள் என்று ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு மூடுவதைப் பற்றி அவர் பேசிக் கேட்டதில்லை. தன் ஓய்வூதியத்தை எடுத்தார். அரிசியும் பருப்பும் தெருவிலிருந்து வந்தன. குறைத்துக்கொண்டது ஒன்றுதான், தன் சாப்பாடு. அதைக் கவனித்தவள் தனம், கேட்டுத் திட்டு வாங்கியவளும் அவளே.

அதே சமயத்தில்தான் எதிர்த்தரப்பும் வந்தது. இங்கே மதம் மாற்றுகிறார்கள் என்று தட்டிக் கேட்க ஏழெட்டு இளைஞர்கள் வாசலில் நின்றார்கள். சாராம்மா அப்போது பருத்த உடம்புக்காரர் ஒருவரைப் புரட்ட முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"நல்ல நேரத்துல வந்தீங்கபா. செருப்ப கழட்டிட்டு வாங்க. நீ தோளு பக்கம் புடி. நீ இடுப்பு. மெதுவா, மெதுவா. வெண்ணெயாட்டம் தூக்கணும், மூட்டையாட்டம் இல்ல."

தூக்கிக்கொண்டிருப்பவர்களால் கோஷம் போட முடியாது, மூச்சு பிடிக்கும். இறக்கி வைத்த பிறகு அவர்களில் தலைவர் போலிருந்தவர் அப்பாவின் நெற்றியைப் பார்த்தார். இவர் இன்னும் மாறலையா என்றார். "நீயே கேளுபா, அவருக்குக் காது நல்லா கேக்கும்" என்றார் சாராம்மா. அந்த மூன்று கோடுகள் ஒரே பருவத்தில் இரண்டு தரப்பாரையும் ஏமாற்றின. இதை என் பத்தியில் எழுதினேன். வாசித்துவிட்டு அவர் சொன்ன விமர்சனம் இது: "யாரைத் திட்றீங்கன்னு புரியல. ஆனா நல்லா திட்றீங்க."

அப்பா இரண்டு வருடம் கழித்து வீட்டில்தான் இறந்தார். சாராம்மா வந்து வாசலிலேயே நின்றார். எங்கள் சடங்குகளுக்கு நடுவே வர வேண்டாம் என்று நினைத்திருப்பார். குளிப்பாட்டி முடித்ததும், திருநீற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு என் அண்ணன் வெளியே போனான். பூசையில் என் அப்பாவைவிடக் கறாரானவன் அவன்.

"நீங்களே வெச்சுடுங்கம்மா. அவருக்கு உங்க கைதான் பழக்கம்" என்றான்.

அவர் உள்ளே வந்து குனிந்து மூன்று கோடுகளையும் பூசினார். நடுக்கோடு கோணியது. அதை அழித்து மறுபடி பூசினார். என் சொந்தக்காரர்கள் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுவதில் அவர்களுக்கு இருக்கும் ஆர்வத்தை அறிந்தவன் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

சாராம்மாவின் அடக்கத்தன்று எங்கள் தெருவில் தறி ஓடவில்லை. தெருவில் சாவு விழுந்தால், எடுக்கும்வரை தறியில் உட்காரமாட்டோம். அவர் எங்கள் தெருக்காரர் அல்ல. யாரும் சொல்லாமலே நிறுத்தினார்கள். பெட்டியின் ஒரு பக்கம் உள்ளூர்ச் சபையாரும் மறுபக்கம் நெசவாளிகளும் தோள் கொடுத்தார்கள். உயரம் ஒத்துவராமல் பெட்டி சற்றுச் சாய்ந்தே போயிற்று. கல்லறையில் போதகர் ஜெபித்துவிட்டு, பகல் வீட்டை நடத்த இனி ஆள் இல்லை, சபையிலும் வசதி இல்லை, என்ன செய்வதென்று கர்த்தர்தான் காட்ட வேண்டும் என்று கலங்கிய குரலில் சொன்னார்.

அண்ணன் கை மண்ணைத் தட்டிக்கொண்டே போதகரிடம் சொன்னான்: "அவரு காட்றதுக்குள்ள நாளைக்கு விடிஞ்சிடுங்க ஐயரே. மூடிட்டா அத்தினி பேரும் கூடத்து மூலைக்குத்தான் வரணும். ஆளுக்கு ஒரு கிழமை பாத்துக்கறோம்."

அங்கேயே கிழமைகள் பிரிந்தன. எனக்கு வியாழக்கிழமை வந்தது. அன்று ஆண்களுக்கு முகச்சவரம் செய்ய வேண்டும். சாராம்மா தன் கையாலேயே செய்துவந்த வேலை அது. "தாடியோட படுத்திருந்தா பாக்க வர்றவங்க சீக்கிரம் எழுந்து போயிடுவாங்கபா" என்பது அவர் சொன்ன காரணம்.

முதல் வியாழன் கன்னியப்பன் என்ற பெரியவருக்கு நுரை பூசினேன். முன்பு பட்டுக்குச் சாயம் ஏற்றியவர். எதுவும் நினைவில் தங்காது. பாதி முகம் மழித்திருப்பேன், "அம்மா எங்கபா?" என்றார். அடக்கத்தன்று பெட்டிக்கு மிக அருகில் படுத்திருந்தவர் அவர். பின்னாலிருந்து தனம், "ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லிடுங்கண்ணா" என்று மெல்லச் சொன்னாள். அவள் சொன்னது கருணையால்தான். ஆனால் அதே அறையில், இதே மாதிரி ஒரு பொய்க்காக, தனத்தைச் சாராம்மா கடிந்துகொண்டதை நான் கேட்டிருக்கிறேன். "படுத்திருக்கறவங்ககிட்ட பொய் சொல்லாத. நம்மள மாதிரி எழுந்து வேற வேலைய பாக்கப் போக முடியாது அவங்களால. அதையே பாத்துக்கினு கெடக்கணும்."

அம்மா இறந்துவிட்டார் என்று சொன்னேன். அவர் அப்போதுதான் கேள்விப்படுகிறவராக அழுதார். அடுத்த வியாழனும் கேட்டார், சொன்னேன், அழுதார். ஒவ்வொரு வாரமும் கேட்கிறார்.

சாராம்மாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தக் கிழமைதான். கன்னியப்பன் அழும்போது நுரை காய்ந்துவிடுகிறது. கத்தியை மடக்கி வைத்துவிட்டு, அவர் முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பிறகு வெந்நீர் தொட்டு, மறுபடி நுரை பூசி, மிச்சப் பாதியை மழிக்கிறேன்.