தொடலாம் என்று எழுதிய கொட்டகையில் மாரக்காள்

வெண்ணந்தூர் மாரக்காள் ராசிபுரத்தில் நாலு பிள்ளைகளை அடித்துவிட்டாள் என்று சேதி. அது சேலம் கடைவீதிக்கு வந்து சேர்வதற்குள் நாலு பன்னிரண்டாகி, ஒருவனுக்குக் கை முறிந்து, மாரக்காளும் ஆறடி உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள். பெட்ரோல் பஞ்சத்தில் கரியைப் போட்டு ஓட்டுகிற ஆத்தூர் பஸ்ஸில் ஏறிப் போயிருந்தால் வழியில் இரண்டு பேர் செத்தும் இருப்பார்கள். அடி விழுந்த இடம்தான் என்னை உட்கார விடவில்லை. பிள்ளைகள் எதையும் தொடலாம் என்று பலகை மாட்டிய கொட்டகையில், தொட்டதற்காக அடித்தாளாம். கிளம்பினேன்.

கொட்டகைக்காரர் அர்த்தநாரி, ஓய்வுபெற்ற வாத்தியார். முப்பது வருஷம் "தொடாதே" என்று அதட்டியதற்குப் பரிகாரமோ என்னவோ, சென்ற தையில் சந்தைக்குப் பக்கத்தில் பழைய கடலைக்காய்க் கிடங்கு ஒன்றைப் பிடித்துக் குழந்தைகள் காட்சிசாலை திறந்தார். ஒரு தராசு, கப்பியில் தொங்கும் வாளி, பூதக்கண்ணாடி, ஆணிக் குவியலோடு ஒரே ஒரு லாடக் காந்தம், மூலையில் நூல் சுற்றும் ராட்டை. சந்தை நாளில் யாரும் வரலாம்.

"நிசமா அடிச்சாளா?" என்றேன்.

"அடிச்சிருந்தாத் தேவலையே! ராட்டை முன்னால சம்மணம் போட்டு உக்காந்துட்டா. கிட்டப் போன பிள்ளைங்க கையையெல்லாம் தட்டி உட்டா. நான் போனேன், என் கையையுந் தட்டிப்புட்டா." புறங்கையை நீட்டினார். அங்கே ஒன்றும் தெரியவில்லை. "அது கெடக்குதுங்க. காந்தத்தை அவ பொண்ணு தூக்கிட்டுப் போயிட்டா. நீங்க வெண்ணந்தூர் போறீங்கதானே?"

வெண்ணந்தூரில் நான் பார்த்த மாரக்காள் ஆறடி இல்லை. வாத்தியாரின் தோளுக்கு வந்தால் அதிகம். குழித்தறியில் புருஷன் மாதையன் நெய்கிறான். அவள் நூல் சுற்றிக் கொடுக்கிறாள். என்னோடு பேச வந்து உட்கார்ந்தவள், நான் வாயைத் திறப்பதற்குள் என் துண்டின் ஓரத்தில் பிரிந்து கிடந்த இழைகளை முடியத் தொடங்கினாள். கல்யாணத்தன்று மணையில் உட்கார்ந்து கூறைப்புடவைக் குஞ்சம் முழுவதையும் முடிந்து தீர்த்தவள் இவள் என்று தறிக்குழியிலிருந்தே சொன்னான் மாதையன்.

"பொய்யுங்க. முக்காவாசிதான் முடிஞ்சேன்."

அந்தக் கை அப்படியே சின்னவள் பாவாயிக்கு வந்திருக்கிறது. நாலு வயது. மூத்தவன் பொன்னன் தறி வீட்டு லட்சணத்தோடு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே வளர்ந்தவன். பாவாயியோ தறியில் நீள இழைகளை இழுத்துக் கட்டிப் பாவு ஏற்றியிருந்தால் விரலை விட்டு மீட்டிப் பார்ப்பாள். மாசியில் மட்டும் மூன்று தடவை இழைகள் கொத்தாக அறுந்தன. யுத்தக் கட்டுப்பாட்டில் நூல் கிடைப்பதே பெரும்பாடு. தறி, நூல் இரண்டும் அங்கமுத்து முதலாளியுடையவை. "இன்னொருக்கா அறுந்துச்சுன்னா தறியைப் பிரிச்சு வண்டியில ஏத்திப்புடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பாவாயியின் இடுப்பில் பழஞ்சேலைக் கிழிசல், மறுமுனை தூணில். கட்டினால் பிள்ளை அலறுகிறது, அவிழ்த்தால் முதலாளி அலறுவார்.

"தொடலாம்னு ஒரு எடம் இருக்குதுன்னாங்க. ஒரு நாளைக்கு ஆசை தீரத் தொட்டுட்டு வரட்டும், கையரிப்பு அடங்கும்னு ரெண்டையும் கூட்டிட்டுப் போனேனுங்க." பேதிக்குக் கொடுப்பது போன்ற வைத்தியம்.

போன இடத்தில் பாவாயி வாளியை இழுத்தாள், தராசுத் தட்டில் தானே ஏறி உட்கார்ந்தாள். பொன்னன் வாசலிலேயே கைகட்டி நின்றான். "தொடு தம்பி" என்று வாத்தியார் கெஞ்ச, "அம்மா அடிக்குமுங்க" என்றான். அம்மாவின் கண்ணில் அப்போதுதான் ராட்டை பட்டது. இரண்டு மாதமாக ஊர்ப் பிள்ளைகள் சுற்றிய ராட்டை. நூல் குருவிக்கூடாகக் கிடந்தது.

"பாத்துட்டுச் சும்மா வர முடியுங்களா? நல்ல நூலுங்க அது!"

சிக்கெடுக்க உட்கார்ந்தாள். நீண்ட கைகளையெல்லாம் தட்டினாள்.

"ஏம்மா, அது பிள்ளைங்க தொடறதுக்கு வெச்சது!" என்றார் வாத்தியார்.

"சிக்கெடுத்து முடிச்சப்புறம் தொடட்டுமுங்க."

"தொட்டா மறுபடி சிக்காயிடுமே?"

"அப்ப உட மாட்டேனுங்க."

சந்தை கலையும்வரை இருந்து, நூலைச் சீராகச் சுற்றி, ராட்டையைத் தன் சும்மாட்டுத் துணியால் மூடிக் கட்டிவிட்டுத்தான் எழுந்தாள். சேலம்வரை வந்த அடி இதுதான். வீடு சேர்ந்த பிறகு பாவாயியின் பாவாடைச் சுருக்கிலிருந்து காந்தம் விழுந்தது.

இப்போது தூணில் கட்டியிருப்பது காந்தத்தை. பாவாயி இடுப்பில் கட்டில்லாமல் அதன் அடியில் உட்கார்ந்து, ஓர் ஆணியை ஒட்டுவதும் பிடுங்குவதுமாக இருந்தாள். பத்து நாளாக ஓர் இழை அறுந்ததில்லை.

"வாத்தியார் காந்தத்தைக் கேட்டாரு" என்றேன். தறி நின்றது.

"குடுக்க மாட்டேன்னு சொன்னனுங்களா? இந்தப் பாவு முடியட்டும், நானே கொண்டுபோயிக் குடுக்கறேன்."

"ரெண்டு நாள்ல முடிஞ்சுருமுங்க" என்றான் மாதையன்.

அவனை முறைத்தாள். "அப்புறம் அடுத்த பாவு ஏத்தோணுமில்ல? அரை நாளு சிக்கெடுத்தனே, நான் ஏதாச்சுங் கேட்டனான்னு அவருகிட்டச் சொல்லுங்க சாமி."

சொன்னேன். கொட்டகையில் அர்த்தநாரி ராட்டை இருந்த மூலையைக் காட்டினார். சும்மாட்டுத் துணி அவிழ்ந்து கிடந்தது. நூல் மறுபடி குருவிக்கூடு. "வந்து இதையுஞ் சிக்கெடுத்துக் குடுத்தா, காந்தம் ஒரு மாசங்கூட அங்கேயே இருக்கட்டும். ஆனா பிள்ளைங்க கையைத் தட்டப்படாது" என்றார்.

அந்த நிபந்தனைக்கு மாரக்காள் இணங்கவில்லை. அடுத்த பாவும் ஏறிவிட்டது. கொட்டகையில் காந்தம் இருந்த பலகையில் ஆணிக் குவியல் மட்டும் கிடக்கிறது. "இதுல என்னங்க பாக்கறது?" என்று கேட்கிற பிள்ளைகளுக்கு, அர்த்தநாரி வெண்ணந்தூர் இருக்கும் திக்கைக் கைகாட்டுகிறார்.