பத்தரை மணி உதை

என் தங்கைக்கு வீட்டில் 'சரி' என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாகத் தூங்குகிறது. இப்போது சாப்பிடுகிறாயா என்றால் சரி என்பாள். அப்புறம் சாப்பிடு என்றாலும் சரி என்பாள். இந்த மெக்கானிக்கைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டபோதும் அதே சரிதான். ஒரு நிமிடமாவது யோசித்திருக்கலாம் என்பது என் தனிப்பட்ட கருத்து. என் கருத்துகளுக்குப் பஞ்சமே கிடையாது.

அவளுக்கு வேலை கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில். பின்னால் வெளிச்சம் எரியும் ஒரு பலகைக்கு முன் உட்கார்ந்திருப்பாள். பெல்ட்டில் பாட்டில்கள் வரிசையாகப் போகும். கோளாறானதை எடுத்துக் கூடையில் போட வேண்டும், அவ்வளவுதான். ஒன்பது வருடமாக இதைச் செய்கிறாள். ஒருநாள் பளபளவென்று இருந்த பாட்டில் ஒன்றை எடுத்துப் போட்டிருக்கிறாள். சூப்பர்வைசர் வந்து, "இதுல என்னம்மா குறை?" என்று கேட்டாராம். "தெரியல சார். வேற மாதிரி இருந்துச்சு" என்றாளாம். உள்ளே கொண்டுபோய்ப் பார்த்தால் கழுத்தடியில் முடி கனத்துக்கு ஒரு விரிசல். அந்தத் திறமையைப் பாராட்டி நிர்வாகம் அவளுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசளித்தது. அது இரண்டே மாதத்தில் நின்றுபோயிற்று.

அப்பேர்ப்பட்டவள் கர்ப்பமானதும் குடும்பத்தில் மற்ற எல்லோரும் டாக்டராகிவிட்டார்கள். முதல் டாக்டர் அவள் மாமியார். மூன்று பிள்ளை பெற்றவர், அதை ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது சொல்லிவிடுவார். இரண்டாவது டாக்டர் அவள் கணவன், தண்ணீர் மோட்டார் மெக்கானிக். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடுகிற மோட்டாரில் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவான். உள்ளே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று கழற்றாமலே சொல்லிவிடுவான். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். அந்தப் பத்தாவதைப் பற்றி அவன் பேசி நான் கேட்டதில்லை.

மூன்றாவது டாக்டர் நான். வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் காலை முதல் மாலை வரை காதில் போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள். மெஷின் சுற்றவில்லை, தண்ணீர் ஒழுகுகிறது, சத்தம் போடுகிறது என்று யார் எதைச் சொன்னாலும் நாங்கள் ஒரே மருந்துதான் கொடுப்போம். "இருபத்துநாலு மணி நேரம் கவனிச்சுப் பாருங்க. அப்புறமும் சரியாகலேன்னா மறுபடி கூப்பிடுங்க." இதில் பாதிப் பேர் மறுபடி கூப்பிட மாட்டார்கள். அதனால் நாங்கள் பாதிப் புகார்களைத் தீர்த்துவிட்டதாகக் கணக்கு.

ஒன்பதாம் மாதம் தொடங்கியிருந்தது. பேறுகால விடுப்புக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. வயிற்றில் இருந்த குழந்தை அம்மாவின் தொழிற்சாலை நேரத்தை நன்றாகவே பழகி வைத்திருந்தது. பெல்ட் ஓடும்வரை கம்மென்று இருக்கும். பத்தரைக்கு டீ இடைவேளைக்காக பெல்ட்டை நிறுத்தினால் போதும், உள்ளே ஆட்டம் தொடங்கிவிடும். டீக் குவளையை வயிற்றின் மேல் வைத்தால் குவளை துள்ளும். பக்கத்தில் இருக்கும் பெண்கள் அதைப் பார்ப்பதற்கென்றே கூடுவார்களாம். "வேலை செய்யறப்ப தூங்கி, டீக்கு மட்டும் எழுந்துக்குது. சூப்பர்வைசராத்தான் பொறக்கப் போகுது" என்று ஒருத்தி சொல்ல, அதுவே பேச்சாயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை பெல்ட் நின்றது. குவளை அசையவில்லை.

மாலை வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடம் சொன்னாள். "அத்தை, இன்னிக்கு அசைவு கம்மியா இருக்கு."

"கடைசி மாசத்துல அப்படித்தான். உள்ள இடம் பத்தாது, எங்க போய் ஆடும்? குளிர்ச்சியா ஜூஸ் குடிச்சிட்டு இடது பக்கமாப் படு. நான் மூணு பெத்தவ."

ஜூஸ் குடித்தாள், படுத்தாள். குழந்தை ஒருமுறை சோம்பலாக நெளிந்தது. "பாத்தியா?" என்றார் மாமியார், தானே உள்ளே போய் நெளிந்துவிட்டு வந்தவர் போல.

அடுத்து கணவனிடம் சொன்னாள். அவன் பதறவெல்லாம் இல்லை, நிபுணர்கள் பதற மாட்டார்கள். நல்ல வேளையாக ஸ்க்ரூடிரைவரை எடுக்கவில்லை. ஒரு தம்ளரை வயிற்றின் மேல் கவிழ்த்து, காதை வைத்து, கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு முழுதாக ஒரு நிமிடம் எண்ணினான். "எண்பத்திரண்டு. கொஞ்சம்கூடப் பிசிறில்ல, ஜோரா ஓடுது. கவலைப்படாதே." அவள் சரி என்றாள்.

மறுநாள் புதன்கிழமை காலை எட்டரைக்கு எனக்குப் போன் செய்தாள். நான் அப்போதுதான் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். "அக்கா, நேத்திலேர்ந்து குழந்தை சரியா அசையல" என்றாள். சாதாரணமாக என்னைக் கூப்பிடாதவள் கூப்பிட்டிருக்கிறாளே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. "அது அப்பனை மாதிரி, காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கும்" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பிறகு என் வாய், என்னைக் கேட்காமலே, பழக்கதோஷத்தில் சொன்னது: "இருபத்துநாலு மணி நேரம் கவனிச்சுப் பாரு. அப்புறமும் அப்படியே இருந்தா கூப்பிடு."

"சரிக்கா" என்று வைத்துவிட்டாள். வாடிக்கையாளர் திருப்தியடைந்தார் என்று எண்ணிக்கொண்டு அடுத்த அழைப்பை எடுத்தேன்.

அன்று பத்தரைக்கு பெல்ட் நின்றது. பெண்கள் வழக்கம்போலக் கூடினார்கள். அவள் குவளையை வயிற்றின் மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். டீயில் ஆடை படர்ந்தது, அதில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. இடைவேளை முடிந்து பெல்ட் ஓடத் தொடங்கியபோது அவள் நாற்காலியில் உட்காரவில்லை. நேராக சூப்பர்வைசரிடம் போய், "நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன் சார்" என்றாள்.

"வலி வந்துடுச்சா?"

"இல்ல சார்."

"பின்ன என்னம்மா?"

"வேற மாதிரி இருக்கு."

அந்த வார்த்தையை வேறு யார் சொல்லியிருந்தாலும் அவர் நூறு கேள்வி கேட்டிருப்பார். அவள் சொன்னதால் வாயை மூடிக்கொண்டு கம்பெனி வண்டியை எடுக்கச் சொன்னார். எங்கள் மூன்று பேரைவிட அந்த மனிதருக்கு அவளை நன்றாகத் தெரிந்திருக்கிறது. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிரசவப் பகுதியில் இருந்த நர்ஸ் அவளைப் படுக்க வைத்து வயிற்றில் பட்டையைக் கட்டினாள். குழந்தையின் இதயத் துடிப்பை இயந்திரம் காகிதத்தில் கோடாகப் போட்டது. எப்போதிலிருந்து அசைவு குறைவு என்று நர்ஸ் கேட்டாள். நேற்று பத்தரையிலிருந்து என்றாள் தங்கை. "அப்பவே வந்திருக்கணும்மா. இதுக்கெல்லாம் விடியட்டும், நாளைக்குப் பாக்கலாம்னு இருக்கவே கூடாது." தங்கை அதற்கும் சரி என்றாள். டாக்டர் வந்து காகிதத்தைப் பார்த்தார். மேலும் கீழும் குதிக்க வேண்டிய கோடு, கயிறு கட்டியது போல நேராகப் போய்க்கொண்டிருந்தது. குழந்தை உள்ளே சோர்ந்துகொண்டிருக்கிறது, இப்போதே ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டும் என்றார். கையெழுத்துப் போட வீட்டிலிருந்து யாராவது வரட்டுமா என்று நர்ஸ் கேட்டபோது, "நானே போடறேன்" என்று பேனாவை வாங்கிக்கொண்டாளாம். இதெல்லாம் பிறகு நர்ஸ் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

சூப்பர்வைசர் போன் செய்து நாங்கள் மூன்று பேரும் அலறிப் புடைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது ஆபரேஷன் அறையின் கதவு மூடியிருந்தது. பத்து நிமிடம் வாய் பேசாமல் இருந்தோம். எங்கள் குடும்பத்துக்கு அது பெரிய சாதனை. பிறகு மாமியார் தொடங்கினார். "நேத்து நல்லாத்தான் நெளிஞ்சுது." மெக்கானிக் நர்ஸை நிறுத்தி, "துடிப்பு நல்லா இருந்துச்சு சிஸ்டர், நானே எண்ணினேன்" என்றான்.

"எத்தனை எண்ணினீங்க?"

"எண்பத்திரண்டு."

இல்லை என்று நர்ஸ் தலையை ஆட்டினாள். "குழந்தைக்கு நூத்திப் பத்துக்குக் கீழ போனாலே நாங்க ஓட ஆரம்பிச்சிடுவோம். நீங்க கேட்டது உங்க சம்சாரத்தோட துடிப்பு."

அவன் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவனைப் பற்றி இத்தனை கேலி பேசுகிறேனே, அந்த நேரத்தில் அவனைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. அவனாவது எழுந்து போய்க் காதை வைத்துக் கேட்டான். நான் சிரித்துவிட்டு போனை வைத்தவள்.

பெண் குழந்தை. இரண்டு கிலோகூட முழுதாக இல்லை. அழ ஒன்றரை நிமிடம் எடுத்துக்கொண்டது என்றார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாயோடு படுத்திருந்தது. பிழைத்துக்கொள்ளும் என்றார் டாக்டர். "இன்னும் ஒரு ராத்திரி தள்ளியிருந்தா என்கிட்ட பதில் இருந்திருக்காது" என்றும் சொன்னார்.

மறுநாள் அவளைப் பார்க்க எங்களை உள்ளே விட்டார்கள். வெளிறிப்போய்ப் படுத்திருந்தாள். மாமியார் அவள் காலைத் தடவிக்கொண்டு அழுதார். கணவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். குரல் உடைந்து, கோபமும் கலந்து, கேட்டான்:

"இவ்வளவு பெரிய விஷயத்தை எங்க யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லாம இப்படித் தனியா வந்து படுத்திருக்கியே."

அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. அவனைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"மூணு பேர்கிட்டயும் சொன்னேங்க" என்றாள்.