பந்தாட்டக்காரர் கதைக்கு நான் வைத்த முடிவு

'ஒரு விளையாட்டு வீரரின் வாழ்க்கை' என்று ஆங்கிலத்தில் நாலு பக்கம் எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். ஆறாம் வகுப்பில் மற்ற எல்லோரும் டிவியில் வருகிறவர்களைப் பிடித்துக்கொள்ள, நான் மட்டும் பெரிய மேதாவி மாதிரி, நூலகத்தில் யாரும் தொடாத பழைய புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு குவைத்தின் ஃபஹாஹீலில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தேன். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே இங்கிலாந்தில் கால்பந்து ஆடிய ஒருவரின் கதை. எல்லாம் மாமாவுக்காகத்தான்.

மாமா அம்மாவின் தம்பி. நாகர்கோவில் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு ஹெல்பராக குவைத் வந்தவர். கம்பெனி மேனேஜருக்குப் பந்துப் பைத்தியம். வெள்ளிக்கிழமைக் கால்பந்து லீகில் மாமா இரண்டு கோல் போட்ட மறுவாரமே, வெயிலில் சிமெண்ட் சுமந்தவரை ஸ்டோரில் ஏ.சி.க்கு அடியில் உட்காரவைத்துவிட்டார். அந்த நாற்காலியை வாங்கிக் கொடுத்த வலது கால்தான் இப்போது முட்டி வீங்கிக் கிடந்தது. மண் மைதானத்தில் விழுந்ததை மாமா யாரிடமும் சொல்லவில்லை. அது நோன்பு மாதம், லீக் கிடையாது. பெருநாளுக்குள் சரியாகிவிடும் என்று தொழிலாளர் கேம்ப்பில் நொண்டாமல் நடந்து காட்டிவிட்டு, வெள்ளிதோறும் எங்கள் வீட்டு சோபாவில் காலை நீட்டிப் படுப்பார்.

"வாயத் தொறந்துராதல. தெரிஞ்சா ஊருக்கு ஏத்தி விட்டுருவான்," என்று அம்மா மாமாவின் முட்டியில் தைலம் தேய்த்தபடி படித்துப் படித்துச் சொன்னாள். ஊரில் அத்தையும் கைக்குழந்தையும் அவர் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள்.

அப்படியொரு வெள்ளிக்கிழமை நான் புத்தகத்தை விரித்துத் தமிழில் கதை சொன்னேன். அவர் சுரங்கத் தொழிலாளியின் மகன். பதினாலு வயதில் நிலக்கரி வெட்டப் போனவரை ஒரு கிளப் கூட்டிக்கொண்டு வந்தது. கிளப் விட்டாலொழிய வேறு கிளப்புக்குப் போக முடியாது என்றேன்.

"நம்ம கஃபீல் மாதிரில்லா இருக்கான்!" மாமா எழுந்தே உட்கார்ந்துவிட்டார். விசா கொடுத்த கஃபீல் விட்டால்தான் அவரும் வேறு வேலைக்குப் போக முடியும்.

ஒரே ஆட்டத்தில் அவர் மூன்று கோல் போட்டதையும், ஜனங்கள் தோளில் தூக்கியதையும் சொன்னேன். பிறகு அவருக்கு முட்டி போனது. வலியை மறைத்துக்கொண்டு ஆடினார்.

"பொறவு? கிளப்புக்காரன் என்ன செஞ்சான் மக்ளே?"

புத்தகத்தில் இருந்தது இதுதான்: கிளப் கைகழுவியது. மனிதர் மறுபடி சுரங்கத்துக்குப் போனார். நெஞ்சில் கரித்தூள் அடைத்து, வயதாகும் முன்னே செத்துப்போனார். மாமாவின் முகத்தைப் பார்த்தேன். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

"மேனேஜர்கிட்ட உண்மையைச் சொன்னாரு மாமா. அவங்களே ஆபரேஷன் பண்ணி, கிளப்லயே வேற வேலையும் குடுத்தாங்க. கடைசி வரைக்கும் வச்சுக்கிட்டாங்க."

"உள்ளதா?"

"புக்லயே இருக்கு மாமா!"

மாமா மெல்லத் தலையாட்டினார். எனக்கு ஒரே பெருமை.

நாலைந்து நாள் கழித்து, வேலை நாளில் மாமா வீட்டுக்கு வந்து நின்றார். மேனேஜரிடம் முட்டியைக் காட்டியிருக்கிறார். அவர் தோளில் தட்டி, நோன்பு திறந்ததும் டீ வாங்கிக் கொடுத்தாராம். மறுநாள் ஆபீஸ்காரர் ஒரு தாளை நீட்டி, "விசா கேன்சல், கலாஸ், எல்லாம் முடிஞ்சுது" என்றாராம். அம்மா சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மேஜையில் கிடந்த என் புத்தகத்தை மாமா எடுத்துப் புரட்டினார். ஆங்கிலம் அவருக்கு ஓடாது, படங்களைத்தான் பார்த்தார். கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டார். கரி அப்பிய முகம், நரைக்கத் தொடங்கிய தலை, கையில் சுரங்க விளக்கு.

"இது யாரு மக்ளே?"

"அவருதான் மாமா," என்று வாய் உளறிவிட்டது.

மாமா படத்திலிருந்த விளக்கை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, புத்தகத்தை மூடி என்னிடமே கொடுத்தார்.

அப்போதுதான் டூட்டி முடிந்து அப்பா வந்தார். விஷயம் தெரிந்ததும் மாமாவைப் பார்த்து வீடே அதிரக் கத்தினார்: "அறிவு இருக்கால ஒனக்கு? ஒன்ன யாருல போயி சொல்லச் சொன்னது?"

நான் கதவோரம் ஒதுங்கி நின்றேன். மாமா என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் சொல்லல அத்தான். நானாட்டுதான் போனேன்."

அப்பாடா, மாமாவுக்கு என் பொய் தெரியவே இல்லை என்று எனக்கு உயிர் வந்தது. அன்று ராத்திரி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.