லூயெல்லாவுக்கு ஐம்பத்தெட்டு

லூயெல்லா ஹார்கிஸ் எங்கள் ஹோட்டலுக்கு வேலைக்கு வந்தபோது அவளுக்கு நாற்பத்தைந்து வயது. தெற்கு இந்தியானாவில், கல்குவாரிகளுக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. குவாரி ஆட்களும் லாரிக்காரர்களும் சாப்பிட வருவார்கள். நான் அங்கே பல வருடமாகப் பரிமாறிக்கொண்டிருந்தேன். லூயெல்லா காது கேட்கும் மெஷின் மாட்டிக்கொண்டு, நாலு வயதுக் குழந்தையைப் போல எல்லாவற்றையும் உற்றுப் பார்த்துக்கொண்டு வந்து நின்றாள். முதல் நாளே எனக்கு ஒரு உத்தரவு போட்டாள்.

"பெர்னிஸ், என்கிட்ட பேசணும்னா என் மூஞ்சியப் பாத்துப் பேசு. பின்னால நின்னு கத்தாத. கத்தினா எனக்குக் கேக்காது, ஊருக்குத்தான் கேக்கும்."

மெஷினை விட மனிதர்களின் உதட்டைத்தான் அவள் நம்பினாள். மூலை மேசையில் இருவர் ரகசியம் பேசினால் கவுண்டரில் நின்றபடியே எனக்குச் சொல்லிவிடுவாள். அது எங்கே கற்றுக்கொண்ட வித்தை என்று கேட்டேன். உடனே சொல்லவில்லை. கடையின் பின்வாசலில் சிகரெட் பிடிக்கிற நேரங்களில், முன்னும் பின்னுமாக, பல மாதங்களில் சொன்னாள். நான் அதை வரிசைப்படுத்திச் சொல்கிறேன்.

அவளுடைய அப்பா குவாரியில் கல் அறுப்பவர். லூயெல்லாவுக்கு ஆறு வயதில் கடுமையான காய்ச்சல் வந்தது. உயிர் தப்பினாள், ஆனால் இரண்டு காதிலும் சீழ் வைத்து, கேட்பது குறைந்துவிட்டது. அடுத்த வருடம் அம்மா டி.பி.யில் போய்ச் சேர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் சீழ் நாற்றம் தாங்காமல் பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். டீச்சர் அவளைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றினார். அங்கிருந்து டீச்சரின் வாய் தெரியாது. கேள்வி கேட்டால் லூயெல்லா சிரிப்பாள். என்ன கேட்டார்கள் என்று தெரியாதபோது சிரித்து வைப்பது நல்லது என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள்.

பதினொரு வயதில், ஒரு குளிர்கால நாளில், பிள்ளைகளின் புத்தியை அளக்க அரசாங்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். சின்ன வயது, சாம்பல் நிறத் தொப்பி. லூயெல்லா அவளைப் பற்றி ஒரு நாளும் கெடுதலாகப் பேசியதில்லை.

"நல்ல பொண்ணுதான். எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தா. ஆனா கேள்வி கேக்கும்போது தாளைப் பாத்துக் கேட்டா. குனிஞ்சு குனிஞ்சு கையில இருந்த கடிகாரத்தைப் பாத்துக்கிட்டா. தொப்பிதான் எனக்குத் தெரிஞ்சுது. தொப்பிக்கு ஏது உதடு?"

எண்களைச் சொல்லி, தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொன்னாளாம். இவள் சிரித்தாள். பிறகு ஒரு படத்தைக் காட்டினாள். சாப்பாட்டு மேசை, தட்டு, கத்தி, கோப்பை, விளக்கு எல்லாம் இருந்தன. இந்த முறை அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்துக் கேட்டதால் லூயெல்லாவுக்குப் புரிந்தது. இதில் என்ன குறைகிறது?

"ஆளுங்க இல்ல," என்று சொன்னாள் லூயெல்லா. "சாப்பிட யாருமே வரல."

சரியான பதில் முள்கரண்டி. அவர்கள் வீட்டில் அப்பாவும் அண்ணன் வெர்னும் அவளும் ஒரே சட்டியிலிருந்து கரண்டியால் அள்ளிச் சாப்பிடுகிறவர்கள்.

அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. ஐ.க்யூ. ஐம்பத்தெட்டு என்று எழுதி, மந்தபுத்தி என்று அதற்குப் பக்கத்தில் ஒரு சொல்லும் போட்டார்கள். பனி உருகுவதற்குள் இன்னொருவர் வந்து, மலைமேல் இருக்கிற அரசாங்க விடுதிப் பள்ளியைப் பற்றி அப்பாவிடம் பேசினார். தையல் சொல்லித் தருவார்கள், பதினாறு வயதில் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்றார். அப்பா தன்னுடைய கோட்டை அவளுக்குப் போர்த்தி வண்டியில் ஏற்றினார். அவர் உதட்டில் அவள் கடைசியாகப் படித்தது, "நல்ல பொண்ணா இரு" என்பது.

நல்ல பெண்ணாகத்தான் இருந்தாள். அதுவே அவளுக்கு வினையாயிற்று. முதலில் சலவைக்கூடத்தில் போட்டார்கள். கொஞ்சம் வளர்ந்ததும் கைக்குழந்தைகள் இருக்கிற கட்டிடத்துக்கு மாற்றினார்கள். இவளைப் போல வேலை செய்கிறவள் போய்விட்டால் அந்த இடத்துக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டும். குழந்தை அழுவது அவளுக்குக் கேட்காது. அதனால் தொட்டிலை ஒட்டிப் படுத்து, ஒரு கையைக் குழந்தையின் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு தூங்குவாள். வயிறு துடித்தால் எழுந்துவிடுவாள். உதட்டை முழுசாகப் படிக்கக் கற்றுக்கொண்டதும் அங்கேதான். நாள் முழுக்க நர்சுகள் தங்கள் புருஷன்மார்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். படிக்க நல்ல சுவாரசியம் என்றாள். அவள் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்ல ஆரம்பித்ததை அவர்கள் கவனித்தார்கள். "லூயெல்லா தேறிட்டா" என்று மெச்சினார்கள். அவளுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

பதினாறு வயது வந்தது. யாரும் அனுப்பவில்லை. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மேலதிகாரியின் அறைக்குப் போனாள்.

"ஐயா, எனக்கு இன்னொரு தடவை அந்தச் சோதனை வைங்க. இப்ப நான் நல்லா சொல்வேன்."

அவர் சிரித்தாராம். கோபக்காரர் இல்லை. "ஏம்மா, உன் கண்ணு என்ன கலர்?"

"பழுப்பு, ஐயா."

"அது நாளைக்கு நீலமா மாறுமா?"

"மாறாதுங்க."

"இதுவும் அப்படித்தான். போ, குழந்தைங்க அழப் போகுது."

பத்தொன்பது வயதில் அவளை ஆஸ்பத்திரிக் கட்டிடத்துக்குக் கூட்டிப்போய், குடல்வால் கெட்டுவிட்டது என்று ஆபரேஷன் செய்தார்கள். பல வருடம் கழித்துத்தான் அது பிள்ளை பெறாமல் செய்கிற ஆபரேஷன் என்று அவளுக்குத் தெரிந்தது. இதை என்னிடம் சொன்ன அன்று சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள். "என் வரிசையில படுத்திருந்த பொண்ணுங்க எல்லாருக்கும் அதே இடத்துல தழும்பு. அந்த மலை மேல மட்டும் பொண்ணுங்களுக்குக் குடல்வாலே நிக்காது போல." அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் திருப்பிக்கொண்டால் அதற்கு மேல் நாம் ஒன்றும் சொல்ல முடியாது. சொன்னாலும் அவளுக்குப் போய்ச் சேராது.

அவள் வளர்த்த குழந்தைகளில் பாதி அங்கேயே இறந்துபோயின. மற்றவை பெரிதானதும் வேறு கட்டிடங்களுக்குப் போயின. அப்பா இரண்டு முறை வந்து பார்த்தார். மூன்றாவது முறை வராததற்குக் காரணம் கோபம் என்று நினைத்திருந்தாள். அவர் குவாரியில் கல் சரிந்து இறந்த செய்தி அவளுக்கு வந்தபோது புதைத்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

முப்பது வருடத்துக்கு மேல் இப்படியே போனது. பிறகு ஃபிங்க் என்று ஒரு இளம் டாக்டர் அங்கே வேலைக்கு வந்தார். தடுமனுக்கு மருந்து கேட்டுப் போனவளின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். மெஷின் வாங்கிக் கொடுத்து, சோதனையும் மறுபடி வைத்தார். தொண்ணூற்றேழு வந்தது.

"லூயெல்லா, நீங்க எங்க எல்லாரையும் போலத்தான்!" என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார்.

"அப்போ நான் எப்ப மாறினேன், டாக்டர்?"

"நீங்க மாறவே இல்லம்மா. அப்பவும் இப்படித்தான் இருந்திருப்பீங்க."

"அப்போ அது யாரு, அந்த ஐம்பத்தெட்டு?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தொண்ணூற்றேழு வந்ததில் உனக்கு மகிழ்ச்சிதானே என்று நான் ஒரு தடவை கேட்டேன். லூயெல்லா தோளைக் குலுக்கினாள். "அதையும் நான் பெருசா நம்பலடி. அன்னைக்கு ரூம்ல கதகதப்பா இருந்துச்சு, வயித்துல சாப்பாடு இருந்துச்சு, அந்த மனுஷன் என் மூஞ்சியப் பாத்துக் கேட்டார். ரெண்டு நம்பருக்கும் நடுவுல அவ்வளவுதான். ஒண்ணு என்னை உள்ள போட்டுச்சு, ஒண்ணு வெளிய விட்டுச்சு. ரெண்டும் என்னைக் கேட்டுச் செய்யல."

வெளியே வந்ததும் முதல் வேலையாக அண்ணனைத் தேடிப் போனாள். வெர்ன் பக்கத்து ஊரில் மரக்கடை வைத்திருந்தார். சர்ச்சில் பெரிய மனிதர். வாசற்படியிலேயே நிறுத்திப் பேசினார்.

"நீ செத்துட்டதா பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டேன், லூ."

"எப்ப செத்தேன்?"

"சின்ன வயசுல. காய்ச்சல்ல." அவர் தெருவைப் பார்த்தார். "என் பொண்ணு ஜோலீனுக்கு சம்பந்தம் பேசிட்டிருக்கோம். ரத்தத்துல அந்த மாதிரி ஏதாவது இருக்குன்னு அவங்க காதுல விழுந்தா..."

"வெர்ன், எனக்குக் காதுதான் போச்சு. டாக்டர் எழுதியே கொடுத்திருக்கார்."

"எனக்குத் தெரியுது. ஊருக்குத் தெரியணுமே."

அவர் குனிந்துகொண்டு பேசியதில் பாதி அவளுக்குப் புரியவில்லை. புரிந்த பாதியே போதும் என்று திரும்பி பஸ் ஏறினாள். அந்த பஸ் நின்ற ஊர் எங்கள் ஊர்.

எங்கள் கடையின் பின்னறையில் மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் ஒரு சங்கம் கூடும். ஐ.க்யூ. அதிகம் உள்ளவர்களின் சங்கம். மருந்துக்கடைக்காரர், பள்ளி ஆசிரியர் ஒருவர், சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் அம்மா, இன்சூரன்ஸ் ஏஜென்ட் லைல் பிரெவிட் என்று ஏழெட்டுப் பேர். புதிர் போடுவார்கள், சதுரங்கம் ஆடுவார்கள், பன்றித்தொடை சாண்ட்விச் சாப்பிடுவார்கள். கெட்டவர்கள் இல்லை. ஆனால் காபி ஊற்றிக்கொண்டே நான் கேட்டிருக்கிறேன். பிரெவிட்டின் எண் குளிர்காலத்தில் நூற்று நாற்பத்தேழாக இருந்தது, வெயில் வந்தபோது நூற்று ஐம்பத்திரண்டாக வளர்ந்திருந்தது.

"லைல், அந்தத் தாளைக் கொஞ்சம் கண்ணுல காட்டுய்யா," என்று மருந்துக்கடைக்காரர் சீண்டுவார்.

"ராணுவத்துல எடுத்தது. பரண்ல எங்கயோ கிடக்கு."

"பரணும் வருஷா வருஷம் அஞ்சு மார்க் போடுது போல!"

அப்படி ஒரு சனிக்கிழமை, லூயெல்லா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, பிரெவிட் குஷியில் அவள் பக்கம் திரும்பினார்.

"நம்ம லூயெல்லாவைக் கேப்போம். உங்களுக்கு எவ்வளவு? சும்மா சொல்லுங்க, நமக்குள்ளதானே."

லூயெல்லா தட்டுகளை மேசையில் வைத்தாள்.

"ஐம்பத்தெட்டு, ஸார்."

எல்லோரும் குபீரென்று சிரித்தார்கள். ஆர்கன் வாசிக்கிற அம்மா கைதட்டினாள்.

"யாரு சோதிச்சாங்க, உங்க வீட்டுப் பூனையா?" என்றார் பிரெவிட், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இல்ல ஸார், அரசாங்கம். தாளும் இருக்கு."

சிரிப்பு இன்னும் கூடியது. "பாத்தீங்களா? நம்ம அலட்டலை ஒரே வார்த்தையில போட்டு உடைச்சுட்டாங்க. இவங்களைத்தான் சங்கத்துக்குத் தலைவரா போடணும்!"

லூயெல்லாவும் சிரித்தாள். தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் வந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். தட்டுகளைத் தொட்டியில் போட்டுவிட்டு, ஈரக் கையோடு நின்றிருந்தாள்.

"அவங்க வேணும்னு பண்ணல, லூ."

"தெரியும். அவங்க மூஞ்சிய எல்லாம் பாத்தேன். ஒருத்தர் கூட நம்பல, பெர்னிஸ்." ஏப்ரனில் கையைத் துடைத்தாள். "வாரம் ரெண்டு தடவை சாப்பிட வர்றவங்க. ஒருத்தர் கூட நம்பல. அன்னைக்கு அந்தப் பள்ளிக்கூடத்துல, என்னைத் தெரிஞ்சவங்க அத்தனை பேர் இருந்தாங்களே. டீச்சர் இருந்தாங்க, அப்பா இருந்தார். இந்த மாதிரி ஒரு ஆளு நம்பாம சிரிச்சிருந்தா போதுமே."

அப்போதுதான் அவள் அழுது நான் பார்த்தேன். சின்னப் பிள்ளை அழுவது போல, வாயைத் திறந்துகொண்டு, எவ்வளவு சத்தம் வருகிறது என்று தெரியாமல் அழுதாள். சமையல்காரர் ரேடியோவைச் சத்தமாக வைத்தார், பின்னறைக்குக் கேட்கக் கூடாதென்று.

அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் எங்களோடு இருந்தாள். கடைக்கு மேலே ஒரு அறை, ஜன்னலில் இரண்டு தொட்டிச் செடிகள். ஒரு பனிக்காலத்தில் காதில் மறுபடி சீழ் வைத்து, விஷம் மூளைக்கு ஏறி, ஒரே வாரத்தில் போய்விட்டாள். ஊர்ப் பத்திரிகையில் நான்தான் நாலு வரி போட்டேன். அப்பா பெயர், பிறந்த ஊர் எல்லாம் எழுதினேன்.

அடக்கம் முடிந்து, சர்ச்சின் கீழ்த்தளத்தில் காபி கொடுத்துக்கொண்டிருந்தோம். யாருக்கும் தெரியாத ஒரு பெண் வாசலில் நின்றாள். நாற்பதை நெருங்கும் வயது. அதே பழுப்புக் கண்கள்.

"நான் ஜோலீன். வெர்ன் ஹார்கிஸோட பொண்ணு." கையில் அந்தப் பத்திரிகையை மடித்து வைத்திருந்தாள். "எங்க அத்தை நான் பொறக்கிறதுக்கு முந்தியே செத்துட்டாங்கன்னு சொல்லித்தான் வளத்தாங்க."

"இந்த செவ்வாய்க்கிழமைதான் செத்தாங்க," என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்தி, "அவங்களுக்கு... புத்தி எப்படி இருந்துச்சு?" என்றாள்.

எத்தனையோ சொல்லியிருக்கலாம். டாக்டர் ஃபிங்க் எழுதியதைச் சொல்லியிருக்கலாம். எனக்கு எந்த எண்ணையும் வாயில் எடுக்கப் பிடிக்கவில்லை.

"சீட்டாட்டத்துல ஏமாத்துவா. பிடிச்சுக் கேட்டா, மெஷினைக் கழட்டி பாக்கெட்ல போட்டுக்கிட்டு, எனக்குக் கேக்கலம்பா."

ஜோலீன் சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

"அப்பாவும் சீட்டுல ஏமாத்துவார்," என்றாள்.

"அவர் வரலையா?"

"வெளிய கார்ல உக்காந்திருக்கார். உள்ள வர மாட்டேன்னுட்டார்."

ஒரு கோப்பை காபியை ஊற்றி எடுத்துக்கொண்டு வெளியே போனேன். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார் கிழவர். பக்கக் கண்ணாடியை இறக்கி, கோப்பையை வாங்கிக்கொண்டார். தங்கையைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று குளிரில் கொஞ்ச நேரம் நின்றேன். அவர் கேட்கவில்லை.